செவ்வாயும் வெள்ளியும் போடாத மாத்திரை

தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ அதையும் நம்பிவிடுவாய். அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். நானும் உன் அம்மாவும் வருடக்கணக்கில் போனில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். நீயும் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாய். அம்மாவின் முதலாண்டு நினைவு நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பி, ‘சரியா இருக்காப்பா, பிரஸ்ஸுக்குக் குடுத்துரவா’ என்று கேட்டிருந்தாய். படம் சரியாக இருக்கிறது. பெயர், ஊர், திதி எல்லாம் சரியாக இருக்கிறது. ‘விரதமே வாழ்வாக வாழ்ந்து, விரத நாளிலேயே இறைவனடி சேர்ந்த எங்கள் தாய்’ என்று நடுவில் ஒரு வரி போட்டிருக்கிறாயே, அது சரியில்லை. அது பொய். போனில் சொன்னால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று நடுவிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து உன் அத்தைக்கும் மாமாக்களுக்கும் கொடுக்கப் போகிறேன். கோபப்படாதே. கருமாதியன்று பந்தி முடிந்த பிறகு, அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் நின்று, ‘அம்மா விரதம் விரதம்னு இருந்தே ஒடம்பக் கெடுத்துக்கிட்டாங்க’ என்று நீ சொன்னாய். பக்கத்தில் நின்று நான் தலையாட்டினேன். நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யை நாலு பேருக்குத் தெரியத்தான் திருத்த வேண்டும்.

உன் மகளுக்குக் காது குத்தினோமே, அந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் மாமனார் வீட்டார் திருச்சியிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். வாசல் பந்தலில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, வீடு வீடாக வந்து பிரஷர், சுகர் பார்த்து அரசாங்க மாத்திரை கொடுக்கும் அந்தப் பெண் வந்துவிட்டாள். நம் தெருவுக்கு அன்றைக்குத்தான் அவள் முறை. விசேஷ வீடு என்று தயங்கியவளை உன் அம்மாதான் உள்ளே கூப்பிட்டு, பட்டு ரவிக்கையின் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு கையை நீட்டினாள். உன் மாமனார் குனிந்து பார்த்தார். ‘கவர்ன்மெண்ட் மாத்திரையா சம்பந்தி சாப்பிடுறீங்க?’ என்றார். அவர் கேலியாகக் கேட்டாரோ, சும்மா கேட்டாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. உனக்கு முகம் செத்துவிட்டது. ‘அதெல்லாம் சுண்ணாம்புக் கட்டி. இனிமே இங்கிட்டு வர வேணாம்மா, நாங்க பெரிய டாக்டர்கிட்ட காட்டிக்கிறோம்’ என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாய். ‘அப்ப பேரை எடுத்துரவாண்ணே?’ என்று மட்டும் கேட்டாள். எடு என்று நீ சொன்னாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘நமக்கென்ன கொறைச்சல்’ என்று சிரித்துக்கொண்டே அந்தப் பெண்ணின் நோட்டில் கையெழுத்துப் போட்டேன். சொன்னது நீ, கையெழுத்துப் போட்டது நான். பத்து வருடமாகச் சுகரும் பிரஷரும் இருந்தவள் உன் அம்மா. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு திருச்சி டாக்டர். நீயே லீவு போட்டு வந்து கூட்டிக்கொண்டு போனாய், இல்லையென்று சொல்லவில்லை. அவர் எழுதிக் கொடுத்தது நல்ல மாத்திரைதான். பளபளவென்று அட்டை, வாயில் நுழையாத பெயர். நம் கீரமங்கலத்தில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. மாதாமாதம் மருந்துக்கென்று நீ பணம் போட்டாய். ஒரு ஆள் மருந்துக்கு அது சரியாக இருந்தது. நான் டீக்கடையில் உட்கார்ந்து, ‘பையன் திருச்சி டாக்டர்கிட்ட காட்டுறான், அட்டை ஒண்ணு என்ன விலைங்கிறீங்க’ என்று நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். விலை சொல்வதில் எனக்கு அவ்வளவு பெருமை இருந்தது.

மறு வருடம் என் முறை வந்தது. நம் மோட்டார் ரிப்பேர்க் கடையில் ஒரு ஏழரை எச்பி மோட்டாரைப் புரட்டி வைக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். திருச்சி ஆஸ்பத்திரியில் நெஞ்சு ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பணம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பதறிப்போய்க் கேட்டாய், நினைவிருக்கிறதா? ஒன்றும் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால் உன் அம்மா முந்தின வருடமே ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ்ஸில் அலைந்து, விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டைக் காட்டி, வரிசையில் நின்று போட்டோ எடுத்து, அரசுக் காப்பீட்டு அட்டையை வாங்கி வைத்திருந்தாள். அன்றைக்கு அவளை நான் எப்படிக் கிண்டலடித்தேன் தெரியுமா? ‘ஆசுபத்திரிக்குப் போறதுக்கு இப்பவே டிக்கெட் போடுறியா?’ என்றேன். ‘இருக்கட்டுமேங்க, சோறா கேக்கப் போவுது’ என்றாள். அந்த அட்டை என் உயிரைக் காப்பாற்றியது. விரதம் தவிர வேறொன்றும் தெரியாத அப்பாவி போல நீ நோட்டீஸில் எழுதியிருக்கிறாயே, அவள் செய்த காரியம் இது.

ஆனால் அந்த அட்டையைப் பற்றி எனக்கும் அவளுக்கும் ஒரு விஷயம் தெரியாமல் போயிற்று. டிஸ்சார்ஜ் ஆகும்போது சில நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அது தீர்ந்ததும் நான் மருந்துச் சீட்டையும் காப்பீட்டு அட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கடைவீதி மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். சட்டை மாற்றி, திருநீறு பூசி, பெரிய மனுஷன் மாதிரி அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: ‘ஐயா, இது ஆஸ்பத்திரில படுத்தாத்தான் செல்லும். கடையில மாத்திரைக்குச் செல்லாதுங்க.’ ஆப்பரேஷனுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிற அட்டை, அந்த ஆப்பரேஷன் வீணாகாமல் இருக்க ஆயுசு பூராவும் போட வேண்டிய மாத்திரைக்குக் கொடுக்காதா என்று அவரிடம் சண்டை போட்டேன். அவர் என்ன செய்வார், பாவம். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் சீட்டை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, ‘ஒங்களுது ஒரு நாளும் விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு’ என்றாள். அந்தப் பேச்சில் ‘ஒங்களுது’ என்ற வார்த்தையை அவள் எப்படிச் சொன்னாள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

நான் கடையை மூடினேன். மோட்டார் தூக்க முடியாதவனிடம் யார் கருகின கம்பியை மாற்றிக் காயில் கட்டக் கொடுப்பார்கள்? வரும்படி நின்றது, மருந்து இரண்டு ஆளுக்கு ஆயிற்று, நீ அனுப்புவது அப்படியே இருந்தது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு மனது சொல்கிறது. சொல்லாமல் எப்படித் தெரியும் என்று இன்னொரு மனது சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ வீடியோ காலில், ‘மாத்திரை இருக்காப்பா?’ என்று கேட்பாய். ‘இருக்குப்பா’ என்போம். இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்வோம். ஒரு நாள் உன்னிடம் கேட்டுவிடலாம் என்று நான் போனை எடுத்தேன். ‘அவனுக்கு வீட்டு லோன் ஓடுது, ரெண்டு பிள்ளைகளுக்கு பீஸ் கட்டணும். வாயத் தொறந்தீங்கன்னா பாத்துக்கங்க’ என்று அவள் போனைப் பிடுங்கி வைத்தாள். மகனிடம் மாத்திரைக்குக் கேட்பது எனக்கும் கௌரவக் குறைச்சலாகத்தான் இருந்தது. வீட்டு வாசலில் சும்மா கிடைத்ததைக் கையெழுத்துப் போட்டு விரட்டிய பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? உனக்கு ஒன்று சொல்கிறேன், பிள்ளைகளோடு நீயும் கிழவனாகப் போகிறவன்தான். வயதான ஆளிடம் ‘இருக்கா’ என்று கேட்காதே. ‘எத்தனை இருக்கு, அட்டையை எடுத்துக் காட்டு’ என்று கேள். முதல் கேள்விக்குப் பொய் சொல்வது சுலபம்.

அதற்குப் பிறகுதான் உன் அம்மாவுக்குப் பக்தி கூடியது. அதற்கு முன்னால் அவள் எத்தனை விரதம் இருந்திருக்கிறாள்? ஆடி மாதம் ஒரு வெள்ளி, கந்தசஷ்டிக்கு ஒரு நாள். அவ்வளவுதான். பசி தாங்காதவள் அவள். இப்போது செவ்வாய்க்கிழமை முருகனுக்கு, வெள்ளிக்கிழமை அம்மனுக்கு, கொஞ்ச நாளில் சனிக்கிழமை பெருமாளுக்கு என்று வந்தது. நடுவில் கிருத்திகை, பிரதோஷம், ஏகாதசி. காலண்டரில் எங்கே எது போட்டிருந்தாலும் அவளுக்கு விரதம். பகலெல்லாம் நீர்மோர், பொழுது சாய்ந்து ஒருவேளைச் சாப்பாடு. அவளுடைய மாத்திரையெல்லாம் காலைச் சாப்பாட்டுக்குப் பின் போடுவது. சாப்பாடு இல்லையா, மாத்திரையும் இல்லை. ‘எதுக்கு இத்தனை விரதம்?’ என்று கேட்டால் ‘தம்பிக்குப் பிரமோஷன் கிடைக்கணும்’ என்பாள். உனக்கும் அது பிடித்திருந்தது. பிரமோஷன் வந்ததும் ‘எல்லாம் அம்மா விரதம்தான்’ என்று சொல்லி, கோயிலுக்கு வெள்ளியில் வேல் வாங்கிச் சாத்தினாய். அந்த வெள்ளி வேலை விற்றால் எத்தனை மாதத்துக்கு மாத்திரை வரும் என்று அவள் நினைத்தாளோ என்னவோ. கும்பிட்டாள், வந்தாள்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். கொல்லைக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. தஞ்சாவூர் கொண்டுபோனோம். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ‘பிரஷர் மாத்திரை ஒழுங்கா போட்டாங்களா?’ என்று டாக்டர் கேட்டார். ‘ஒருநாள் விடாம போடுவாங்க சார், பெஸ்ட் டேப்லட்’ என்று நீ சொன்னாய். நான் பேசாமல் நின்றேன். மூன்று நாள் மூச்சு மெஷினில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை போய்விட்டாள். அந்தச் செலவுக்கும் காப்பீட்டு அட்டைதான் கொடுத்தது. சாகிற செலவுக்குக் கொடுக்கிறாயே, பிழைக்கிற செலவுக்குக் கொடுக்க மாட்டாயா என்று அதைக் கிழித்துப் போட நினைத்தேன். பிறகு யோசித்தேன். அட்டையைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பிழைக்கிற செலவுக்கு அரசாங்கம் வேறு வழியில் கொடுத்ததே. கையில் பையோடு பந்தலுக்கே வந்து கொடுத்ததே. நாம்தான் அதைச் சுண்ணாம்பு என்று சொன்னோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு என் மாத்திரை வாங்க நானே கடைக்குப் போனேன். அதுவரை அவள்தான் போய் வாங்குவாள். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ‘அம்மா மாசா மாசம் வருவாங்கய்யா. ஒங்களுக்கு முழு அட்டை. அவங்களுக்குப் பாதியா வெட்டிக் குடுக்கச் சொல்லுவாங்க. நானே கேட்டேன், எதுக்கும்மா வெட்டி வாங்குறீங்கன்னு. எனக்கு விரத நாள் கழிச்சு இவ்வளவுதான் வேணும்பாங்க’ என்றார். கத்தரிக்கோல் அவர் மேசையில்தான் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். குறைந்த கரண்டில் ஓட்டினால் மோட்டார் என்ன ஆகும் என்று நான் எத்தனை விவசாயிகளைத் திட்டியிருக்கிறேன். ‘ஓடுதே, ஓடுதேன்னு ஓட்டாதய்யா, உள்ளுக்குள்ள கருகிக்கிட்டு இருக்கும்’ என்பேன். என் வீட்டில் கருகிக்கொண்டிருந்தது.

மறு வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். உன் வயதுகூட இருக்காது, ஒரு டாக்டரம்மா. திருச்சிச் சீட்டை வாங்கிப் பார்த்து, அட்டையில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் பக்கத்தில் எழுதினாள். ‘இதுல பாதி இங்கேயே இருக்குங்கய்யா. மிச்சத்தை அரசு மலிவு விலை மருந்தகத்துல இந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்க’ என்றாள். நாற்பது வருடம் காயில் கட்டினவன் நான். செம்புக் கம்பி வாங்கும்போது கேஜ் என்று கம்பியின் கனம் பார்ப்பேன், எடை பார்ப்பேன். ரீலில் எந்தக் கம்பெனி காகிதம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து ஒருநாளும் வாங்கியதில்லை. மாத்திரையில் மட்டும் காகிதத்தைப் பார்த்து ஏமாந்தேன். மூன்று மாதம் கழித்துப் பிரஷரும் சுகரும் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள், கொழுப்பும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை.

இப்போது நீ மறுபடியும் ஆரம்பிக்கிறாய். போன வாரம் போனில், ‘அந்த கவர்ன்மெண்ட் மாத்திரை லிஸ்ட்லேருந்து பேரை எடுங்கப்பா. எழுபது வயசுக்கு மேல எல்லாருக்கும் கார்டு வந்திருச்சு, அப்ளை பண்ணிட்டேன். திருச்சி டாக்டர்கிட்டயே போங்க’ என்றாய். கார்டு வரட்டும், வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதுவும் படுக்கையில் விழுந்த பிறகு செல்லுகிற கார்டுதான். விழாமல் இருப்பதற்கு என்ன வழி என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். பெயரை எடுக்க மாட்டேன். உன் மாமனார் வந்தாலும் சரி, உன் ஆபீஸர் வந்தாலும் சரி, அவர்கள் முன்னால் கையை நீட்டிப் பிரஷர் பார்த்துக்கொள்வேன். உனக்கு வெட்கமாக இருந்தால் நீ உள்ளே போய் இரு. அம்மாவை அனுப்பியாயிற்று. அடுத்தது நான்தான், அதை உன் கௌரவத்துக்காகச் சீக்கிரப்படுத்திக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி உன் மேல்.

மீதிப் பாதி என் மேல். அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை மடித்தால் நானும் பொய் நோட்டீஸ் அடித்தவன்தான். கடைக்காரர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது என்று உன் அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். மேலே உனக்கும் அப்படித்தான் படும்படி எழுதினேன். அது உண்மையில்லை. அவள் சாவதற்கு ஏழெட்டு மாதம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் இட்லி சாப்பிட்டு முடித்திருந்தேன். மாத்திரை டப்பாவை எடுத்து வந்து என்னுடையதை என் கையில் எண்ணிக் கொட்டினாள். தன்னுடைய அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கப் போனவள், விரலை எடுத்துவிட்டு அட்டையைத் திரும்ப உள்ளே வைத்தாள். ‘ஏன், நீ போடலையா?’ என்றேன். ‘இன்னைக்கு வெள்ளிக்கெழமைல்ல. வெறும் வயித்துல போட்டாக் கொமட்டும்’ என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். மேசை சுத்தமாகத்தான் இருந்தது. பொய் சொல்லும்போது அவள் கை சும்மா இருக்காது, கல்யாணமான புதிதிலிருந்தே எனக்குத் தெரியும். எதற்காக விரதம், யாருடைய மாத்திரைக்காக விரதம் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. கேட்டிருக்கலாம். உனக்குப் போன் போட்டிருக்கலாம். அரசாங்க மாத்திரை கொடுத்த அந்தப் பெண்ணைத் தேடிப் போய் அவள் பெயரைத் திரும்ப எழுதச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. எனக்குச் சாகப் பயமாக இருந்தது, தம்பி. அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்து என் மாத்திரைகளை விழுங்கினேன்.

அப்பா